36 ஃபிரேமை வைத்துக்கொண்டு தெருவில் சிக்கனம் பிடிக்கலாமா?

2024 பிப்ரவரி 4

ஒரு வாசகர் கேட்டது:

“டிஜிட்டலை விட்டுக் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு வந்திருக்கிறேன். ஃபிலிம் நம்மை நிதானப்படுத்தும், யோசித்து எடுக்க வைக்கும், அதனால் தெருப் படங்கள் தானாக மேம்படும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் 36 ஃபிரேம், அதாவது 36 படம், கொண்ட ஒரு ரோலை வாரக்கணக்கில் வைத்து, ஒவ்வொரு ஃபிரேமையும் யோசித்துத்தான் எடுக்கிறேன். வருவதெல்லாம் உயிரில்லாத படங்கள். ஆட்கள் நிற்கிறார்கள், நடக்கிறார்கள், அவ்வளவுதான். எங்கே கோளாறு?”

2024 பிப்ரவரி 4, இரவு

கோளாறு அந்த நிதானத்தில்தான் இருக்கிறது. மலையையும் மரத்தையும் எடுப்பவருக்கு அந்த அறிவுரை சரி. மலை எங்கும் போய்விடாது. தெருவில் ஒருவர் தலையைத் திருப்புவதற்கும் பின்னால் வருகிறவர் அவரைத் தாண்டிப் போவதற்கும் நடுவில் கிடைப்பது அரை நொடி. அதற்குள் ‘இதற்கு ஒரு ஃபிரேம் செலவழிக்கலாமா’ என்று மனசுக்குள் பட்ஜெட் போட்டால், பட்ஜெட் மட்டும்தான் மிஞ்சும்.

இந்த வேலையில் பேர் வாங்கியவர்கள் பலரும் ஃபிலிமைக் கணக்குப் பார்க்காதவர்கள். ராபர்ட் ஃபிராங்க் 1955இல் கக்கன்ஹைம் அறக்கட்டளையின் நிதி கிடைத்து அமெரிக்காவைச் சுற்ற ஆரம்பித்தார். அந்த வேலைக்காக அவர் எடுத்தது 767 ரோல். 1958இல் பாரிஸில் புத்தகமாக வந்தபோது அதில் இருந்தவை 83 படங்கள். கேரி வினோகிராண்ட் 1984இல் இறந்தபோது டெவலப்கூடச் செய்யாமல் கிடந்தவை ஏறக்குறைய 2,500 ரோல். டெவலப் செய்து கான்டாக்ட் ஷீட் (ரோலின் எல்லா ஃபிரேமும் ஒரே தாளில் சிறிதாக விழும் பிரிண்ட்) போடாமல் விட்டவை இன்னும் 6,500. பைத்தியக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் இவர்கள் யாரும் ஒரே ரோலை வாரக்கணக்கில் அடைகாத்துக்கொண்டிருக்கவில்லை.

2024 பிப்ரவரி 5

“அப்போ கண்ணை மூடிக்கொண்டு அமுக்கச் சொல்கிறீர்களா?” என்று உடனே ஒரு கேள்வி வந்திருக்கிறது. இல்லை. எதை எடுப்பது என்பதில் எவ்வளவு வேண்டுமானாலும் கறாராக இருங்கள். இதுதான் என்று இறங்கிய பிறகு கறாராக இருக்காதீர்கள்.

பழைய கான்டாக்ட் ஷீட் ஒன்றை மேசையில் வைத்து லூப் என்கிற உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். மூன்றாவது வரிசை. மழை விட்ட நேரம், பேருந்து நிறுத்தம். முதல் ஃபிரேமில் ஒரு பெரியவர் குடையை மடக்கப் பார்க்கிறார், பக்கத்தில் ஒரு பெண் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள். சுமார். இரண்டாவதில் குடை பாதியில் மாட்டிக்கொண்டது, அவள் இன்னும் கடிகாரத்தில்தான் இருக்கிறாள். மூன்றாவதில் ஒரு வண்டி குறுக்கே வந்து பாதிப் படத்தை விழுங்கிவிட்டது. நான்காவதில் பெரியவர் கோபம் வந்து குடையை உதறுகிறார். துளிகள் வெள்ளைப் புள்ளிகளாக அப்படியே காற்றில் நிற்கின்றன. அந்தப் பெண் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு பின்வாங்குகிறாள். அவளுக்குப் பின்னால், நிறுத்தத்தின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு சிறுவன் வாயைப் பிளந்து பார்க்கிறான். எடுக்கும்போது அங்கே ஒரு சிறுவன் இருந்ததே எனக்குத் தெரியாது. ஐந்தாவதில் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

முதல் ஃபிரேமோடு நிறுத்தி ‘ஒன்று எடுத்தாயிற்று, போதும்’ என்று நகர்ந்திருந்தால் குடையோடு ஒரு ஆள், கடிகாரத்தோடு ஒரு பெண். கேள்வி கேட்டவர் சொல்லும் உயிரில்லாத படம் அதுதான்.

இன்னொன்றும் உண்டு. ஒரு ஃபிரேமோடு நகர்கிறவர்களில் பாதிப் பேருக்குச் சிக்கனம் ஒரு சாக்கு. உண்மையில் பயம். ‘ஃபிலிமை வீணாக்கக் கூடாது’ என்று சொல்லிக்கொண்டால் கௌரவமாக ஓடிவிடலாம்.

2024 பிப்ரவரி 5, பிற்பகல்

ஒருவர் கேலி செய்கிறார்: ஐந்தாவது ஃபிரேம்தான் நன்றாக இருக்கும்போலத் தெரிகிறது, எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள், குடும்பப் படம் மாதிரி.

திரும்பப் பார்த்தேன். அதில் பெரியவர் குடையின் கூர்முனையை என்னை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறார். குடும்பப் படத்தில் யாரும் அப்படி நிற்க மாட்டார்கள். எங்கள் குடும்பத்தில் நிற்பார்கள்.

2024 பிப்ரவரி 7

எதிர்பார்த்ததுதான், பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோனை ஒருவர் இழுத்து வந்துவிட்டார். “சான்-லாசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தண்ணீரைத் தாண்டுகிற அந்த ஆளை 1932இல் அவர் ஒரே கிளிக்கில் எடுக்கவில்லையா?”

வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்த படம். ஓரத்தில் பலகை விழுந்திருந்ததால் பிறகு வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. படத்தை வெட்டவே கூடாது என்று பிடிவாதம் பிடித்த மனிதரின் மிகப் புகழ்பெற்ற படம் வெட்டப்பட்ட படம் என்பது எனக்கு எப்போதும் ஒரு அற்ப சந்தோஷம்.

ஒரே கிளிக்கா என்றால், ஆள் ஒரு தரம்தான் தாண்டினார், அதனால் அந்தப் பாய்ச்சல் ஒன்றுதான். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் அந்த வேலி இடுக்கில் என்னென்ன எடுத்தார் என்று நெகடிவை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய சமயத்தில் அவர் தன் பழைய நெகடிவ்களை உட்கார்ந்து தரம் பிரித்து, வேண்டியதைத் தனித்தனியாக நறுக்கி வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டார். பக்கத்து ஃபிரேம்கள் இல்லை. பக்கத்து ஃபிரேம்கள் இல்லாத இடத்தில்தான் ‘ஒரே கிளிக்’ கதைகள் நன்றாக வளரும்.

2024 பிப்ரவரி 10

சரி, வேகமாக எடுக்கச் சொன்னால் போதுமா, ஃபோகஸ் யார் செய்வது என்கிறார்கள். யாரும் செய்ய வேண்டாம். முன்கூட்டியே வைத்துவிடுங்கள்.

35 மி.மீ. லென்ஸ், எஃப் 8 (வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவு, எண் கூடினால் துவாரம் சிறுக்கும்), தூரம் 3 மீட்டர். கிட்டத்தட்ட 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் சொச்சம் வரை எல்லாம் போதுமான தெளிவோடு விழும். நடைபாதையில் உங்களுக்கு வேண்டிய ஆட்கள் எல்லோரும் அந்த இடைவெளிக்குள்தான் வரப்போகிறார்கள். எஃப் 16 வைத்து 2.5 மீட்டரில் நிறுத்தினால் ஒன்றேகால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை. லென்ஸின் மேலேயே இதற்கான கோடுகள் பொறித்திருப்பார்கள். அதை அலங்காரம் என்று நினைத்துக்கொண்டு பல வருஷம் கேமரா வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

வெளிச்சமும் அப்படித்தான். 400 வேக ஃபிலிமுக்கு நல்ல வெயிலில் ஷட்டர் 1/500 நொடி, எஃப் 16. திறந்த நிழலில் அதிலிருந்து மூன்று ஸ்டாப் குறையும், ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது. வெயிலும் நிழலும் மாறி மாறி வரும் தெருவில் நான் 1/500, எஃப் 8 என்று வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவேன். வெயிலில் இரண்டு ஸ்டாப் கூடுதல், நிழலில் ஒன்று குறைவு. ஹெச்பி5, ட்ரை-எக்ஸ் என்கிற 400 வேகக் கறுப்பு வெள்ளை ஃபிலிம்கள் இரண்டும் இதை முணுமுணுக்காமல் தாங்கும். நெகடிவ் ஃபிலிமுக்குக் கூடுதல் வெளிச்சம் பெரிய பிரச்சினை இல்லை. குறைந்தால்தான் ஆபத்து, நிழலில் பதியாததை எந்த டெவலப்பராலும் கொண்டுவர முடியாது.

இப்படி வைத்துவிட்டால் கேமராவில் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. கண் தெருவில் இருக்கும். ஃபிலிம் தருகிற வசதியாக நான் நினைப்பது இதைத்தான். பின்னால் திரை இல்லை, எடுத்ததும் குனிந்து பார்க்க ஒன்றும் இல்லை. குனிந்து பார்க்கும் அந்த நேரத்தில்தான் நான்காவது ஃபிரேம் நடக்கும்.

2024 பிப்ரவரி 11

50 மி.மீ. வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். அதே எஃப் 8, அதே 3 மீட்டரில் உங்களுக்குக் கிடைப்பது 2.3இலிருந்து சுமார் 4.2 மீட்டர் வரைதான். முடியாது என்று சொல்லவில்லை. கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் வாழ்நாள் முழுக்கப் பெரும்பாலும் 50தான் பிடித்தார். கையும் கண்ணும் தூரத்தைப் பழகியிருக்க வேண்டும், அவ்வளவே. வீட்டுக்குள் நாற்காலியை வைத்து ‘இது இரண்டு மீட்டர், இது மூன்று’ என்று ஊகித்து, பிறகு டேப்பால் அளந்து பாருங்கள். வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். தெருவில் அதைவிட மோசமாகப் பார்ப்பார்கள், அதற்கும் பயிற்சி.

2024 பிப்ரவரி 17

புஷ் செய்வது பற்றி, அதாவது ஃபிலிமை அதன் வேகத்தைவிடக் கூடுதல் வேகமாகக் கணக்கில் வைத்து எடுத்துக் கூடுதல் நேரம் டெவலப் செய்வது பற்றி, இத்தனை கேள்வியா? சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஹெச்பி5ஐ ஐடி-11 டெவலப்பரில், அதை நீர்க்க வைக்காமல், 20 டிகிரியில், 400க்கு ஏழரை நிமிடம். 800க்குப் பத்தரை. 1600க்கு 14. இல்ஃபோர்டு கொடுக்கும் நேரங்கள் இவை. இரண்டு மடங்கு நேரம் ஊறினால் ஃபிலிம் நான்கு மடங்கு வேகமாகிவிடும் என்று நம்ப வேண்டாம். நிழலில் விவரம் பெரிதாகக் கூடுவதில்லை. நடுச்சாயலும் வெளிச்சமான பகுதிகளும்தான் மேலே ஏறும். அதனால்தான் புஷ் செய்த படத்தில் முகம் பளிச்சென்றும் பின்னணி கரியாகவும் இருக்கிறது. இரவில் விளக்கு வெளிச்சத்தில் எடுக்கும்போது அது வேண்டியதுதான். நடுப்பகலில், ‘கிரெயின், அந்தத் துகள்துகளான தோற்றம், அழகாக வரும்’ என்று 1600க்கு ஏற்றுவது எனக்குப் பிடிக்காது. என் ரசனை, சண்டை வேண்டாம்.

ஒரு ரோலின் நடுவில் முடிவை மாற்ற முடியாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஆரம்பித்த வேகத்திலேயே முடிக்க வேண்டும். அடைகாப்பவர்களுக்கு இதுவும் ஒரு தண்டனை: காலையில் 400இல் தொடங்கிய ரோல், மாலையில் 1600 தேவைப்படும்போது கேமராவுக்குள் பாதியில் உட்கார்ந்திருக்கும்.

2024 பிப்ரவரி 18

“யாருக்கும் தெரியாமல் எடுப்பது எப்படி?” இதற்குத்தான் எழுதக் கை வரவில்லை, தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

வரலாற்றில் எல்லாத் தந்திரமும் நடந்திருக்கிறது. பால் ஸ்ட்ராண்ட் 1916இல் நியூயார்க்கில் கேமராவை ஒரு பக்கம் காட்டிக்கொண்டு இன்னொரு பக்கம் இருந்தவர்களை எடுத்தார். கண் தெரியாத அந்தப் பெண்ணின் படம் அப்படி வந்ததுதான். ஹெலன் லெவிட் தன் லைக்கா கேமராவில் செங்கோண வியூஃபைண்டர் மாட்டி, நேரே பார்ப்பதுபோல் நின்று பக்கவாட்டில் எடுத்தார். வாக்கர் எவன்ஸ் 1938இலிருந்து சில வருஷம் நியூயார்க் சுரங்க ரயிலில் கான்டாக்ஸ் கேமராவைக் கோட்டுக்குள் மறைத்து, எதிர் இருக்கையில் இருந்தவர்களை எடுத்தார். அவை புத்தகமாக வந்தது 1966இல். அவ்வளவு காலம் ஏன் தள்ளிப்போட்டார் என்பதற்குப் பல காரணம் சொல்வார்கள். என் ஊகம், அவருக்கும் கொஞ்சம் உறுத்தியிருக்கும்.

நான் மறைப்பதில்லை. நீதி நியாயம் பார்த்து மட்டும் அல்ல, மறைப்பவன் உடம்பிலேயே ஒரு திருட்டுத்தனம் வந்துவிடுகிறது, அதைத்தான் மக்கள் முதலில் கவனிக்கிறார்கள். கேமராவைக் கழுத்தில் தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டு, ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். முதலில் எல்லோரும் பார்ப்பார்கள். அப்புறம் தூணைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அதன் பிறகு எடுப்பது எல்லாமே அவர்களுடைய வாழ்க்கைதான், எனக்காக நடிப்பது இல்லை.

இரட்டை லென்ஸ் கேமராக்காரர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. இடுப்புயரத்தில் குனிந்து பார்ப்பவரை யாரும் மிரட்டலாக நினைப்பதில்லை, ஷட்டர் சத்தமும் ஏறக்குறைய இல்லை. விவியன் மையர் இந்த வகை ரோலிஃபிளெக்ஸில் எடுத்த படங்களில் ஆட்கள் கொஞ்சம் உயர்ந்து, கம்பீரமாகத் தெரிவதற்கு அந்த இடுப்புயரமும் ஒரு காரணம். சிரமம் என்னவென்றால் கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும். இடது பக்கம் ஓடுகிறவரைத் துரத்தி வலது பக்கம் திரும்புவீர்கள்.

யாராவது ‘வேண்டாம்’ என்று கை காட்டினால் நிறுத்திவிடுங்கள். வாதம் வேண்டாம். சட்டம் இடத்துக்கு இடம் மாறும், கை காட்டுவதன் அர்த்தம் மாறாது. அழுகிறவர், விழுந்து கிடப்பவர், தூக்கத்தில் உடை விலகியவர், இவர்களை நான் எடுப்பதில்லை. எடுத்தாலும் பிரிண்ட் போடுவதில்லை என்று எழுத ஆரம்பித்து அழித்தேன். எடுப்பதே இல்லை.

2024 பிப்ரவரி 24

“இயல்பாக எடுத்ததா, நடிக்கவைத்ததா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?” முடியாது. நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

ரோபேர் துவானோ 1950இல் பாரிஸ் நகர மன்றத்துக்கு எதிரே எடுத்த முத்தப் படத்தை உலகமே தற்செயல் என்று நம்பியது. 90களில் வழக்கு வந்தபோதுதான் அந்த ஜோடி நடிப்புப் பயின்ற இளைஞர்கள், கேட்டு வாங்கிய முத்தம் என்று அவரே சொன்னார். ஃபான் ஹோ 1954இல் எடுத்த படம், சுவரோரம் ஒரு பெண், குறுக்கே இறங்கும் முக்கோண நிழல். அந்தப் பெண் அவருடைய உறவுக்காரர், நிற்கச் சொல்லி எடுத்தது. நிழல் இருட்டறையில் சேர்த்தது.

ஃபான் ஹோ விஷயத்தில் எனக்குக் கோபமே வரவில்லை, துவானோ விஷயத்தில் கொஞ்சம் வந்தது. ஏன் என்று யோசித்தேன். நிழலை நான் ரசித்தேன், அது சேர்த்ததானாலும் நிழல்தான். முத்தத்தை ரசிக்கவில்லை, நம்பினேன். அதில் கவனிக்காமல் கடந்து போகிறவர்கள் மட்டும் இன்றைக்கும் நிஜம். இப்போதெல்லாம் நான் அவர்களைத்தான் பார்க்கிறேன்.

2024 மார்ச் 9

வினோகிராண்டை நான் மேலே பெருமையாக இழுத்ததற்கு ஒருவர் நல்ல பதிலடி கொடுத்திருக்கிறார். அந்தக் கடைசிக் காலக் குவியலை 1988இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் காட்டும்போது, அவரை ஆரம்பத்திலிருந்து ஆதரித்த, அங்கே புகைப்படத் துறைத் தலைவராக இருந்த ஜான் ஷார்கோவ்ஸ்கியே அதில் பெரும்பகுதி சரியில்லை என்று எழுதினார். அப்படியானால் அள்ளி விடுவதால் என்ன லாபம்?

நியாயமான கேள்வி. 2013இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த கண்காட்சி அதே குவியலிலிருந்து வேறு படங்களைப் பொறுக்கி, ஷார்கோவ்ஸ்கி கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார் என்று காட்டப் பார்த்தது. எனக்கு அதிலும் முழுத் திருப்தி இல்லை. ஆக, நான் பிப்ரவரியில் சொன்னதற்கு ஒரு வரம்பு போடுகிறேன். நிறைய எடுப்பது எதற்கு என்றால், கான்டாக்ட் ஷீட்டில் உட்கார்ந்து ‘மூன்றாவது ஏன் கெட்டது, நான்காவது ஏன் நின்றது’ என்று பார்ப்பதற்கு. அந்தப் பாதி நடக்காவிட்டால் முதல் பாதிக்குப் பொருள் இல்லை. வினோகிராண்ட் டெவலப் செய்வதையே வேண்டுமென்று ஒரு வருஷம் போலத் தள்ளிப்போடுவார், எடுத்தபோது இருந்த உற்சாகம் படத்தை எடைபோடுவதில் கலக்கக் கூடாது என்பதற்காக. அந்த யோசனை எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு வருஷம் என்பது எப்போதோ ‘ஒருநாள்’ ஆகிவிடும், அங்கேதான் வம்பு.

நான் உடனே டெவலப் செய்துவிடுவேன், பார்ப்பதைத்தான் தள்ளிப்போடுவேன். நெகடிவ் உறையில் தூங்கட்டும், கேமராவுக்குள் தூங்க வேண்டாம்.

2024 மார்ச் 10

இடையில் ஒரு புலம்பல். ஸ்கேனரில் தூசியைத் தானாக அழிக்கும் வசதியைப் போட்டால் படம் பாழாகிறதே என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். வெள்ளி நெகடிவில், அதாவது படம் வெள்ளித் துகள்களாகப் பதியும் வழக்கமான கறுப்பு வெள்ளை ஃபிலிமில், அது வேலை செய்யாது. அந்த வசதி அகச்சிவப்புக் கதிரை ஃபிலிம் வழியாக அனுப்பி, தடுக்கப்படும் இடத்தைத் தூசி என்று எடுத்துக்கொள்கிறது. வெள்ளியும் கதிரைத் தடுக்கும். உங்கள் ஆளின் மூக்கையே தூசி என்று முடிவு கட்டிவிடும். அணைத்துவிட்டுக் கையால் துடையுங்கள். எக்ஸ்பி2 மாதிரி கலர் கெமிக்கலில் டெவலப் ஆகும் கறுப்பு வெள்ளையில் கடைசியில் சாயம்தான் மிஞ்சும், அதற்கு மட்டும் பிரச்சினை இல்லை.

தூசியே வராமலிருக்க வழி கேட்டவருக்கு: குளியலறையில் வெந்நீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆவி அடங்கிய பிறகு ஃபிலிமைத் தொங்கவிடுங்கள். தூசி தரைக்குப் போயிருக்கும். வீட்டில் வேறு யாரும் அந்த நேரத்தில் குளிக்க வராமலிருப்பது உங்கள் அதிர்ஷ்டம்.

2024 மார்ச் 23

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். ஒரே மாலையில் ஒரு ரோலை முடித்தாராம். பெரும்பாலானவை குப்பை, ஒன்றில் மட்டும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே நாயைத் தாண்டுகிறார்கள், எடுத்தபோது நாயைப் பார்க்கவே இல்லை என்கிறார். நாய் வாழ்க.

எண்ணாமல் இருக்க முடியவில்லை, 30ஐத் தாண்டினால் விரல் தயங்குகிறது என்பது அவருடைய புதிய கவலை. இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, 30க்கு மேல் போனதும் தெருவில் ஏதோ கூடி வருவதுபோல் தெரிந்தால் மிச்சத்தை விட்டுவிட்டு ரோலை மாற்றிவிடுங்கள். மனசு ஒத்துக்கொள்ளாது, மாற்றுங்கள். புதிய ரோல் போட்டதும் ஃபிலிமைத் தள்ளும்போது ரீவைண்ட் குமிழ் கூடவே சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் ஃபிலிம் பிடிக்கவில்லை, நாள் முழுக்கக் காற்றை எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டு, 100 அடி மொத்தச் சுருள் வாங்கி நீங்களே கேசட்டில் சுற்றிக்கொள்ளுங்கள். 36 ஃபிரேம் ரோல் சுமார் 18 வரும். தானே சுற்றிய ரோலின் மேல் யாருக்கும் அவ்வளவு பக்தி வருவதில்லை, விரல் தாராளமாகிவிடும். பழைய கேசட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் வாயிலுள்ள வெல்வெட்டில் மண் ஏறி, ரோல் நெடுக ஒரே கோடாகக் கீறிவிடும், அவ்வப்போது மாற்றுங்கள். சுருளின் முனையைக் கேசட்டின் அச்சில் ஒட்டுவது வெளிச்சத்தில் நடப்பதால், கடைசி ஒன்றிரண்டு ஃபிரேம் வெளிச்சம் பட்டுக் கெட்டுத்தான் போகும். அங்கே முக்கியமானது எதையும் எடுக்க வேண்டாம். எடுத்து முடித்த பிறகுதான் அது கடைசி ஃபிரேம் என்பதே தெரியும், அது வேறு விஷயம்.